ரப்பர் வெளுக்குதா, நான் கறுக்கறனா?

மாமா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டீ மேஜைமேல் வைத்தார். கண்ணாடியோடு அவருடைய இடது கண், இரண்டு இமைகள், பாதிப் புருவம், கன்னத்தின் மேல்விளிம்பு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. காலியான இடத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். அந்தியூரில் எங்கள் கடைக்காரர் இதைப் பார்த்துப் பழகியவர். அவர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாப்ள, நீங்க சாயப்பட்டறை லேபுல இருந்தவரு. ஷேடு பாத்த கண்ணு. சொல்லுங்க பாக்கலாம், இந்த ரப்பரு வெளுக்குதா, இல்ல நான் கறுக்கறனா?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல இரண்டு டீ ஆகும் என்றேன். மூணு சொல்லிட்டார்.

மாமாவுக்குக் கண் போனது 2021இல். கொரோனாவின் இரண்டாவது அலை, அதோடு சர்க்கரை, அதோடு ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த உடம்பில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. அந்த ஆண்டு ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் வந்த நோய் அது. மூக்கில் தொடங்கிக் கண்குழிக்குப் போய்விட்டால், மூளைக்குப் போகும் முன் கண்ணையும் சுற்றுச் சதையையும் எடுக்க வேண்டி வரலாம். எடுத்தார்கள். உயிர் தங்கியது. பிறகு ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இந்த முகத்துண்டைச் செய்து கொடுத்தார்கள். இது இரண்டாவது. போன வருஷம் வைகாசியில் கொடுத்தது.

கண்ணுக்குப் பல் டாக்டரா என்று கேட்பவர்கள் உண்டு. பல்செட் கட்டும் துறைதான் காது, மூக்கு, கண்குழி எல்லாவற்றுக்கும். மெழுகில் உருப்பிடிப்பது, ஜிப்சத்தில் அச்செடுப்பது, நிறம் சேர்ப்பது எல்லாம் பல்செட் கட்டுகிறவர்களின் கைத்தொழில். வாய்க்குச் செய்கிற வேலையை முகத்துக்கும் செய்கிறார்கள், அவ்வளவுதான். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியானாலும் நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளானாலும் செயற்கைப் பல் துறையில் மேற்படிப்பு படிப்பவர்கள் இதையும் படித்தாக வேண்டும்.

மாமா ரப்பர் என்று சொல்வது சிலிக்கோன். சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் என்பது மணலில் இருக்கிற தனிமம். செல்போன் சில்லில் இருப்பதும் அதுதான். அந்தச் சிலிக்கானையும் ஆக்சிஜனையும் மாற்றி மாற்றிக் கோத்துச் சங்கிலியாக்கி, பக்கவாட்டில் கார்பன் குஞ்சங்களைத் தொங்கவிட்டால் அது சிலிக்கோன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் மஞ்சளாகிப் போகிற செல்போன் கண்ணாடிக் கவரைக் கடையில் "சிலிக்கான் கவர்" என்று கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. அதன் பாவத்தைச் சிலிக்கோன் தலையில் ஏற்றக் கூடாது.

ஏனென்றால் சிலிக்கோன் வெயிலுக்கு அசைகிற சாதியில்லை. தரைக்கு வந்து சேரும் புறஊதாக் கதிருக்கு இருக்கிற ஆற்றலைக் கணக்கிட்டால், மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 300லிருந்து 410 கிலோஜூல் வரை வரும். சாதாரணப் பிளாஸ்டிக்கின் முதுகெலும்பான கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்கச் சுமார் 350 போதும். அதனால்தான் வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி நாலு கோடையில் பொடிப்பொடியாக உதிர்கிறது. சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுக்க 450 பக்கம் வேண்டும். வெயிலின் கத்தி அதற்குக் குட்டை. போதாக்குறைக்கு, சிலிக்கோன் அந்தக் கதிரைப் பெரிதாக உறிஞ்சுவதும் இல்லை. பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும்.

அதற்கு ஒரு சாட்சி: உயரழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்களில் முன்பெல்லாம் பீங்கான்தான். இப்போது நிறைய இடங்களில் சிலிக்கோன் ரப்பர். மழை, வெயில், தூசி, மின்பொறி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பல வருஷம் நிற்கிறது.

"அப்ப அது வருசக்கணக்கா நிக்குது, என்ற மூஞ்சில ரெண்டு வருசம் நிக்க மாட்டீங்குது?"

அங்கேதான் விஷயம். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்பது உலகத்தில் எங்கே செய்தாலும் முகத்துண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கிற ஆயுள். 1960இல் ஜார்ஜ் பார்ன்ஹார்ட் என்பவர் முகத்துக்குச் சிலிக்கோனைப் பயன்படுத்தி எழுதினார். அதற்கு முன்னால் இருந்தவை இன்னும் மோசம்: கெட்டி ரப்பர், ஜெலட்டின், பிவிசி, அக்ரிலிக். பிவிசியை மிருதுவாக்கக் கலக்கிற எண்ணெய் நாளாக ஆகக் கசிந்து போய், முகத்துண்டு அட்டை மாதிரி விறைத்துவிடும். சிலிக்கோன் வந்ததும் மிருதுத்தன்மைக்கு ஒரு வழி பிறந்தது. நிறத்துக்குத்தான் இன்னும் முழுதாகப் பிறக்கவில்லை.

சிலிக்கோனுக்குச் சொந்த நிறம் கிடையாது. கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். பாகாக இருக்கும்போதே டாக்டர் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக நிறம் சேர்க்கிறார். கொஞ்சம் காவி, கொஞ்சம் மஞ்சள், ஒரு சொட்டு நீலம். தோலுக்கு அடியில் ஓடும் ரத்த நாளம் போலத் தெரிய, பொடியாக நறுக்கிய சிவப்பு நூலிழைகளும் உண்டு. அச்சில் ஊற்றி வெந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு: மச்சம், சுருக்கத்தின் நிழல், கண்ணுக்குக் கீழே கருமை. மாமாவின் துண்டில் ஒரு மருகூட இருக்கிறது. வலது பக்கம் இருப்பதைப் பார்த்து வைத்தது.

ஆக, சாயப்பட்டறையில் துணிக்கு நாங்கள் செய்த வேலைதான் இது. துணிக்குப் பதில் சிலிக்கோன். எங்கள் தொழிலில் முதல் பாடம், துணி சாகும் முன் சாயம் சாகும். வெளிநாட்டு பையர் துணி நூல் விட்டதென்று கடிதம் எழுதியதில்லை, ஷேடு மாறியது என்றுதான் எழுதுவார். அதற்காகச் செனான் விளக்குப் பெட்டிக்குள் துணியைத் தொங்கவிட்டு, கூடவே நீலக் கம்பளித் துண்டுகள் எட்டையும் வைத்து, எந்த நம்பர் வெளுக்கிறபோது நம் துணி வெளுக்கிறது என்று பார்ப்போம். ஒன்று என்றால் உடனே போகும், எட்டு என்றால் அசையாது. முகச் சிலிக்கோனையும் ஆய்வகத்தில் இதே மாதிரி பெட்டியில்தான் வாட்டுகிறார்கள். நிஜ வெயிலில் பார்க்க வேண்டுமென்றால் பெயிண்ட், பிளாஸ்டிக் கம்பெனிகள் போகிற இடம் இரண்டு: ஈரவெயிலுக்கு ஃபுளோரிடா, காய்ந்த வெயிலுக்கு அரிசோனா. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஈரோட்டு மாவட்டத்திலும் ஒரு மொட்டைமாடியில் பலகை அடித்து வைக்கலாம் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

சாயம் ஏன் சாகிறது? வீட்டில் கேட்டால் தெரியும். மஞ்சள் கறை பட்ட வேட்டியைச் சோப்புப் போட்டு எத்தனை கசக்கினாலும் போகாது. நனைத்து வெயிலில் போட்டால் போய்விடும். மஞ்சளின் நிறம் ஒரு கார்பன் மூலக்கூறு. வெளிச்சத்தை விழுங்குவதால்தான் அதற்கு நிறமே. விழுங்கி விழுங்கியே ஒரு நாள் உடைந்து போகிறது. நீலம் பாரித்து நிற்கிற பழைய சினிமா போஸ்டரிலும் இதே கதைதான். சிவப்பும் மஞ்சளும் முதலில் கிளம்பிவிட்டன, நீலம் காவலுக்கு நிற்கிறது. கோயில் மதிலில் அடித்த காவிப் பட்டை மட்டும் ஏன் நிற்கிறது? அது இரும்பின் துரு. துருவை வெயில் புதிதாக ஒன்றும் செய்ய முடியாது, ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள்.

முகத்துண்டிலும் இப்படித்தான். இரும்பு ஆக்சைடு சேர்ந்த காவி வகைகள் பெரும்பாலும் நிற்கும். பளிச்சென்ற சிவப்பு, சில மஞ்சள்கள் சீக்கிரம் கிளம்பும். ஆனால் மனிதத் தோலுக்கு உயிர்க்களை கொடுப்பதே அந்தச் சிவப்புதான். அது போனால் தோல் சாம்பல் பூத்துவிடும். மாமாவின் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம், சதையோடு ஒட்டி வெளிச்சமே படாத இடம், இன்னும் செந்நிறமாக இருந்தது. முன்பக்கம் பச்சைச் சுண்ணாம்பு பூசியது போல. நடுவில் இருக்கிற கண் மட்டும் முதல் நாள் வைத்த மாதிரி. அது அக்ரிலிக்கில் செய்தது.

"வெளுத்துருக்குதுங் மாமா" என்றேன்.

"காங்கேயங் கன்னுகூடச் செவலையாப் பொறந்துதானுங் வெளுக்குது" என்றார். முப்பது வருஷமாக மாட்டுத் தரகு செய்கிறவர். உலகத்தில் எது மாறினாலும் அதற்கொரு மாடு வைத்திருப்பார்.

வெயிலைத் தடுக்க டாக்டர்களும் முயல்கிறார்கள். பெயிண்டில் போடுகிற டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளைப்பொடியைச் சிலிக்கோனில் கலந்தால் கதிரைக் கொஞ்சம் தடுத்து நிறத்தைக் காக்கும். அதிகம் கலந்தால் துண்டு சுண்ணாம்பாகிவிடும். நிஜத்தோலில் வெளிச்சம் சற்று உள்ளே போய் வருவதால்தானே அது உயிருள்ளதாகத் தெரிகிறது.

இன்னொரு சங்கடம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சிலிக்கோன் துண்டுகளைச் செயற்கை வியர்வை, செயற்கைத் தோலெண்ணெய், கழுவும் திரவம் என்று தனித்தனியாக ஊறவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றை இருட்டில் சும்மா வைத்தார்கள். இருட்டில் வைத்ததும் நிறம் மாறியது. அச்சிலிருந்து எடுத்த பிறகும் சிலிக்கோனுக்குள் வேதிவேலை முழுதாக அடங்குவதில்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு மட்டும் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது கெட்ட செய்தி.

கேள்வியின் இரண்டாவது பாதி பாக்கி இருக்கிறது. நான் கறுக்கறனா?

கறுக்கிறார். மாட்டுத் தரகர் வேலை வெட்டவெளியில். தோள்துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுகிற இடத்துக்கு மேலே கூரை கிடையாது. ஆடியில் புதுப்பாளையம் குருநாதசாமி தேர்த்திருவிழா வந்தால் சுற்று வட்டாரத்து மாடும் குதிரையும் வந்து சேரும்; அந்த நாலு நாளும் மாமா காலையிலிருந்து இருட்டுகிற வரை வெயிலில்தான். தோல் உயிருள்ள பொருள், வெயில் பட்டால் மெலனினைக் கூட்டித் தன்னைக் காத்துக்கொள்ளும். சிலிக்கோனுக்கு அந்த வித்தை தெரியாது. ஒரே வெயில், ஒன்றைக் கறுக்க வைக்கிறது, பக்கத்திலிருப்பதை வெளுக்க வைக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்தால் நடுவில் இருக்கிற தூரம் இன்னும் வேகமாகக் கூடும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

அந்தத் தூரத்துக்கு எங்கள் லேபில் டெல்டா ஈ என்று பெயர். இரண்டு நிறங்களைக் கருவியில் வைத்தால் வித்தியாசத்தை ஒரே எண்ணாகத் தரும். துணியில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் லாட் திரும்பி வரும். முகச் சிலிக்கோனுக்கும் 2009இல் இப்படியோர் அளவு பார்த்து வெளியிட்டார்கள். மாதிரிகளைப் பார்த்தவர்களில் பாதிப்பேர், வெளிர்நிறத் தோலில் 3 வரையும் கருநிறத் தோலில் 4.4 வரையும் பரவாயில்லை என்று விட்டார்கள். கறுத்த தோலுக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் சலுகை. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்த ஒரே எண்ணில் அடங்காத கூத்து ஒன்றும் உண்டு. டியூப்லைட்டில் பொருந்துகிற இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்து நிற்கும். சாயத்தொழிலில் இதற்காக அழாத ஆள் இல்லை. மாமாவின் துண்டு டீக்கடைக்குள் அவ்வளவு மோசமில்லை. சாலைக்கு வந்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறது. தோலின் நிறம் மெலனினும் ரத்தமும் சேர்ந்தது, துண்டின் நிறம் மண்ணும் சாயமும். எல்லா வெளிச்சத்திலும் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. நிறம் சேர்க்கும்போது ஜன்னலோரம் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அது தப்பில்லை.

சொந்தத் தோலிலேயே செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். மூக்கில் அதைச் செய்து காட்டியது நம் நாடு. 1794 அக்டோபரில் லண்டனில் வெளியான ஜென்டில்மேன்ஸ் மேகசினில் ஒரு படம் வந்தது. கவாஸ்ஜி என்கிற மராட்டியர். 1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். அவருக்கு நெற்றித்தோலைக் கீழே இறக்கி மூக்கு வைத்தார்கள். அதைப் படித்துத்தான் லண்டனில் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் செய்து பார்த்தார். வண்டிமாட்டுக்காரர் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மூக்கு அவருடைய சொந்தத் தோல், முகம் கறுத்தால் அதுவும் கறுத்திருக்கும்.

ஆனால் இமைகளோடு கண்குழி முழுதும் போன இடத்தில், சிமிட்டுகிற இமையைத் தோலில் கட்டி எழுப்ப முடிவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பூஞ்சையோ புற்றோ திரும்புகிறதா என்று டாக்டர் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டுகிற துண்டு அதற்குக் கதவு மாதிரி.

மூன்றாவது டீ வந்தது. மாமா வடையும் சொன்னார். வடை எண்ணெய் விரலோடு முகத்துண்டைத் தொடப் போனவரைத் தடுத்தேன். இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். சிலிக்கோனில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஊறும். தோலே நாள் முழுக்கக் கொஞ்சம் எண்ணெய் விடுகிறது. அது ஓரங்களில் ஊறி, மெல்லப் பொதும்பிப் போகும். துண்டின் ஓரம் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், அப்படி இருந்தால்தான் தோலோடு கலந்து தெரியும். கிழிவதும் அங்கேதான். பசை போட்டுக் காது ஒட்டுகிறவர்கள் தினமும் உரித்தெடுக்கிறபோது கிழியும். டைட்டானியம் ஆணியை எலும்பில் பதித்துக் காந்தத்தில் மாட்டுகிற முறை ஸ்வீடனிலிருந்து வந்த பிறகு அவர்கள் பாடு கொஞ்சம் தேவலை. மாமாவுக்குக் கண்ணாடிச் சட்டம் தாங்குவதால் பசைத் தொல்லை இல்லை. சட்டமே ஓரத்தை மறைத்தும் கொடுக்கிறது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ராத்திரி கழற்றி வைக்க வேண்டும், தோலுக்கும் காற்று வேண்டும். குழந்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டு விரலால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் கிட்டவே வரக் கூடாது. சிலிக்கோன் அவற்றைக் குடித்து ஊதிப்போகும். பைக் டேங்க் கவரிலும் கார் முன்கண்ணாடிக்குக் கீழும் வைக்கக் கூடாது. பீடிப் புகை மஞ்சளாகப் படியும். மஞ்சள் தண்ணீர், குங்குமம் தெளித்தால் கறை. மஞ்சள் கறையை வெயிலில் போக்கிக்கொள்ளலாமே என்று மாமா புத்திசாலித்தனமாகக் கேட்டார். போகும். கூடவே அவருடைய கன்னச் சிவப்பும் போகும்.

கழுவாமல் விட்டால் சிலிக்கோனில் பூஞ்சை குடியேறும் என்றதும் அவர் முகம் மாறியது. உடனே விளக்கினேன். இது வாயிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கிற கேண்டிடா வகை. அவர் கண்ணை எடுத்தது வேறு குடும்பம். ஆனாலும் சர்க்கரை இருக்கிறவர் அலட்சியமாக இருக்க முடியாது. குழி சிவந்தாலோ வாடை வந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

வெயிலுக்கு மட்டும் பெரிய மருந்து இல்லை, நிழல்தான். அகலமான தொப்பி போடச் சொன்னேன். தொப்பி போட்ட தரகரிடம் எவன் மாடு பிடிப்பான் என்றார். தலைத்துண்டை முன்பக்கம் இறக்கிக் கட்டிக்கொள்வதாகச் சமாதானம் ஆனது. அது முகத்துக்கும் நிழல், முகத்துண்டுக்கும் நிழல். கறுப்பதும் வெளுப்பதும் இரண்டும் மட்டுப்படும்.

அடுத்தது எப்போது செய்யலாம் என்று கேட்டார். ஜிப்சம் அச்சைக் கல்லூரியில் பத்திரமாக வைத்திருந்தால், முதலிலிருந்து முகத்தில் மாவு அப்பி அளவெடுக்க வேண்டியதில்லை. நிறக்கலவையின் குறிப்பையும் வைத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னேன். சில இடங்களில் முகத்தைக் கருவியில் ஸ்கேன் எடுத்துக் கணினியிலேயே வைத்துவிடுகிறார்கள். எந்த மாதம் போவது என்பதுதான் சிக்கல். ஆடி முடிந்த கையோடு போனால் அவருடைய உச்சபட்சக் கறுப்புக்கு டாக்டர் நிறம் சேர்ப்பார். ஐப்பசி மழையில் முகம் தெளிந்ததும் துண்டு கறுப்பாகத் தெரியும். மார்கழியில் போனால் பங்குனிக்குள் வெளுப்பாகத் தெரியும். வெயில் காலத்துக்கு ஒரு நிறம், மற்ற காலத்துக்கு ஒரு நிறம் என்று ஒரே அச்சில் இரண்டு துண்டு போட்டுக் கொடுப்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள் என்றேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டாவே கேட்டுப்போடறனுங். ஒண்ணு சந்தைக்கு, ஒண்ணு கல்யாணத்துக்கு" என்றார். பிறகு தலைத்துண்டைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு, டீக் காசை நான் கொடுக்கும்படி விட்டுவிட்டு, பர்கூர் ரோட்டுப் பக்கம் நடந்தார்.